35 வயசு... வழுக்கைத் தலை... இவரையா வாங்குவது?

பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில் என்ன நடக்கும்? ‘பையனுக்கு வயசு என்ன?’ என்று பாட்டி கேட்பாள். ‘தலையில முடி இருக்கா?’ என்று அத்தை கேட்பாள். ‘உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?’ என்று சித்தப்பா இழுப்பார். கடைசியில், வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், ‘ஏன்யா, ஊர்ல வேற பையனே கிடைக்கலியா?’ என்று போடுவார் பாருங்கள் ஒரு போடு!

2000-ம் வருஷக் கோடையில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் கிட்டத்தட்ட இப்படியொரு கல்யாண வீடாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை பெயர் கேரி மெக்அலிஸ்டர். ஸ்காட்லாந்துக்காரர். 1964 கிறிஸ்துமஸ் தினத்தில் பிறந்தவர். அதாவது, அப்போது வயசு 35. கால்பந்தில் 35 என்றால் சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெறும் வயசு மாதிரி. மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம் எல்லாம் தயாராக இருக்கும்! தலையில் முடி? சுத்தம். உடம்பு? முழங்காலில் ஒரு பெரிய கோளாறு வந்து சரியானது. பூர்வீகம்? முந்தைய சீசனில் 14-வது இடத்தில் முடித்த கொவென்ட்ரி டீம்.

இவரைத்தான் லிவர்பூல் நடுக்களத்துக்குக் கூட்டி வருகிறேன் என்றார் மேனேஜர் ஜெரார் ஊலியே. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

பசித்த புலி

சண்டையின் சூடு புரிய வேண்டுமானால் அன்றைக்கு லிவர்பூல் இருந்த நிலைமை தெரிய வேண்டும்.

18 முறை இங்கிலாந்து லீக் சாம்பியன், 4 முறை ஐரோப்பியக் கோப்பை என்று ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த கிளப். ஆனால், கடைசியாக லீக் பட்டம் ஜெயித்தது 1990-ல். அதன்பிறகு பத்து வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை. சில்லறையாக 1992-ல் ஒரு எஃப்.ஏ. கப், 1995-ல் ஒரு லீக் கப். அத்தோடு சரி. பக்கத்து ஊர் மான்செஸ்டர் யுனைடெட்டோ கோப்பைகளை அடுக்கிவைக்க அலமாரி போதாமல் அல்லாடிக்கொண்டிருந்தது. வயிற்றெரிச்சல் வராமல் என்ன செய்யும்!

2000 மே 14-ம் தேதி, சீசனின் கடைசி நாள். ஜெயித்திருந்தால் சாம்பியன்ஸ் லீகில் ஆடும் வாய்ப்பு. எதிரே பிராட்ஃபோர்டு. தப்பிப் பிழைத்தால் போதும் என்று அடிமட்டத்தில் தத்தளித்த டீம். அவர்களிடம் 1-0 என்று தோற்றது லிவர்பூல். வாசல் வரை வந்த லட்சுமி திரும்பிப் போய்விட்டாள்.

டீமில் திறமைக்குப் பஞ்சமில்லை. ஸ்டீவன் ஜெரார்டுக்கு 20 வயசு. மைக்கேல் ஓவனுக்கும் 20. ஜேமி காரகருக்கு 22. எல்லாம் துள்ளுகிற கன்றுக்குட்டிகள். பிரச்னை என்னவென்றால் ஆட்டம் இறுகும் நேரத்தில், ‘டேய், கொஞ்சம் நிதானமா ஆடுங்கடா’ என்று சொல்ல மைதானத்தில் ஆள் கிடையாது.

ஊலியே இதைக் கவனித்தார். மனிதர் பிரெஞ்சுக்காரர், அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார். 1969-70ல் லிவர்பூலிலேயே ஒரு பள்ளியில் வேலை பார்த்தவர். அந்த நாட்களில் ஆன்ஃபீல்டு மைதானத்தின் ‘காப்’ பகுதியில் ரசிகர்களோடு ரசிகராக நின்று மேட்ச் பார்த்திருக்கிறார். வகுப்பில் முப்பது வாண்டுகள் இருந்தால் ஒரு பொறுப்பான சட்டாம்பிள்ளையும் வேண்டும் என்பது வாத்தியாருக்குத் தெரியாதா?

செலவு... பூஜ்யம்!

மெக்அலிஸ்டரை வாங்க லிவர்பூல் கொடுத்த விலை என்ன தெரியுமா? ஒரு பைசா கிடையாது!

இதற்குக் காரணம் ழான் மார்க் போஸ்மேன் என்ற பெல்ஜியம் ஆட்டக்காரர். ‘ஒப்பந்தம் முடிந்த பிறகும் என்னை வேறு கிளப்புக்கு விடாமல் பழைய கிளப் பணம் கேட்கிறது, இது என்ன நியாயம்?’ என்று கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர் 15-ம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரர் சுதந்திரப் பறவை. இங்கிலாந்திலும் விதிகள் அதையொட்டித் தளர்ந்தன. சம்பளத்தைப் பேசி முடித்தால் போதும். பழைய கிளப்புக்குக் கப்பம் கட்ட வேண்டாம்.

அதே கோடையில் எவர்ட்டனிலிருந்து நிக் பார்ம்பியை வாங்க லிவர்பூல் கொடுத்தது 60 லட்சம் பவுண்டு. அதற்குப் பக்கத்தில் மெக்அலிஸ்டர் கொசுறு!

ஆனால், கொசுறாக வந்த கறிவேப்பிலையைச் சந்தேகமாகத்தானே பார்ப்போம்? ‘சும்மா குடுக்கிறான்னா ஏதோ வில்லங்கம் இருக்கு’ என்று நினைப்பது மனித சுபாவம். மது விடுதியிலும் பஸ்ஸிலும் மைதான வாசலிலும் வாக்குவாதம் கிளம்பியது. அன்றைக்கு இரண்டு பக்கமும் வைக்கக்கூடிய வாதங்களை நம்ம ஊர் பாணியில் ஒரு கற்பனைப் பட்டிமன்றமாக நடத்திப் பார்ப்போமா? மேடை நம்முடையது, ஆனால், சொல்லப்படும் விவரங்கள் எல்லாம் நிஜம்.

‘வேண்டவே வேண்டாம்!’ - முதல் அணி

“நடுவர் அவர்களே! வயசைச் சொன்னா எதிரணிக்குக் கோபம் வருது. சரி, வயசை விடுங்க. முழங்காலைப் பார்ப்போம். 1997 டிசம்பர்ல இவருக்கு முழங்கால் தசைநார் கிழிஞ்சுது. 1998 உலகக் கோப்பையையே டி.வி.யிலதான் பார்த்தார். அந்தக் கால் ஒரு சீசன் முழுக்கத் தாங்குமா?

ரெண்டாவது, சொந்த நாட்டு ரசிகர்களே என்ன பண்ணினாங்க தெரியுமா? 1999 மார்ச்ல செக் குடியரசோட ஆடினப்போ கிளாஸ்கோவுல இவரைப் பார்த்துக் கூச்சல் போட்டாங்க. மனுஷன் நொந்துபோய் ஸ்காட்லாந்துக்கு ஆடுறதையே நிறுத்திட்டார். அவங்க வேணாம்னு ஒதுக்கினவரை நாம ஏன் சுமக்கணும்?

மூணாவது, முக்கியமானது... 1996 ஜூன் 15. வெம்ப்ளி. ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும். ஸ்காட்லாந்து ஒரு கோல் பின்னால இருக்கு. பெனால்டி கிடைக்குது. யார் அடிச்சது? இவர்தான். போச்சா கோல்? இல்லே! கோல்கீப்பர் சீமன் முழங்கையால தடுத்துட்டார். அடுத்த நிமிஷமே காஸ்காய்ன் அந்தப் பக்கம் கோல் போட்டு மேட்ச்சை முடிச்சார். நெருக்கடியில தடுமாறுற ஆளு நமக்கு எதுக்கு?

கடைசியா ஒண்ணு. நம்ம பையன் ஜெரார்டுக்கு 20 வயசு. நடுக்களத்துல அவன் ஆடணுமா, தாத்தா ஆடணுமா? கிழவருக்கு நாற்காலி போட்டா, வாலிபன் நின்னுகிட்டே இருக்கணும்!”

(பலத்த கைத்தட்டல்!)

‘வரட்டுமே!’ - இரண்டாம் அணி

“நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் அந்த பெனால்டியைச் சொன்னார். முழுசாச் சொன்னாரா? மெக்அலிஸ்டர் உதைக்கப் போறப்போ வெச்ச பந்து லேசா உருண்டுச்சு. படத்துல இன்னிக்கும் பார்க்கலாம். கரண்டியை வளைக்கிற யூரி கெல்லர் இருக்காரே, அவர், ‘நான்தான் மனோசக்தியால பந்தை நகர்த்தினேன்’னு பெருமையா சொல்லிக்கிட்டார். மந்திரவாதியோட மோதித் தோத்தவரைக் குறை சொல்லலாமா?

முழங்கால் போச்சுன்னார். ஆபரேஷனுக்கு அப்புறம் திரும்பி வந்து, போன சீசன்ல லீக்ல 11 கோல் போட்டிருக்கார். அதுவும் கொவென்ட்ரிக்கு! நம்ம நடுக்களத்துல 11 கோல் போட்ட ஆள் யாருன்னு கையைத் தூக்கச் சொல்லுங்க பார்க்கலாம்.

இவருக்கு ஜெயிக்கத் தெரியும். 1992-ல லீட்ஸ் சாம்பியன் ஆச்சே, அந்த டீம்ல இருந்தவர். நம்ம பசங்கள்ல ஒருத்தன் லீக் பட்டத்தைத் தொட்டுப் பார்த்ததுண்டா?

ஜெரார்டு இடம் போயிடும்னு கவலைப்படறார். சமையல்ல மாமியார் இருந்தா மருமகளுக்கு இடம் இல்லேன்னு அர்த்தமா? கைப்பக்குவத்தைக் கத்துக்கறதுக்கு அதைவிட்டா வேற வழி ஏது?”

(இதற்கும் கைத்தட்டல். பெண்கள் பகுதியில் மட்டும் லேசான முணுமுணுப்பு!)

இதில் ஒரு வேடிக்கை. ரசிகர்கள் மட்டுமல்ல, டீமில் இருந்த பையன்களே முதலில் முகம் சுளித்திருக்கிறார்கள். ‘இவரை எதுக்குக் கொண்டு வர்றாங்க?’ என்று தானும் ஆரம்பத்தில் யோசித்ததாக ஜெரார்டே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

சோதனை மேல் சோதனை

ஆரம்பம் அமர்க்களமாக இருந்ததா? அதுதான் இல்லை. சீசனின் இரண்டாவது மேட்ச் ஆர்சனலுடன். மெக்அலிஸ்டருக்கு சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார் ரெஃப்ரி. 35 வயசுப் பெரிய மனுஷனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தது மாதிரி! ‘நாங்க அப்பவே சொன்னோமே’ அணிக்குக் கொண்டாட்டம்.

அதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. அந்த சீசனில்தான் அவர் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பந்தாவது, கோப்பையாவது... கிளப் அவருக்கு விடுப்புக் கொடுத்தது. மைதானத்தில் ‘தாத்தா’ என்று கேலி பேசியவர்களுக்கு, அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு ஓடுகிறார் என்பது மெதுவாகத்தான் புரிந்தது.

அவர் திரும்பி வந்தார். 2001 பிப்ரவரி 25. கார்டிஃப் நகரில் பர்மிங்காமுடன் லீக் கப் ஃபைனல். ஆட்டம் டிராவாகி, பெனால்டியில் முடிவு என்றானது. முதல் பெனால்டியை அடிக்க நடந்துபோனவர் யார்? வெம்ப்ளியில் கோட்டைவிட்டார் என்று கேலி செய்யப்பட்ட அதே மெக்அலிஸ்டர். பந்து வலைக்குள். ஆறு வருஷத்துக்குப் பிறகு லிவர்பூலுக்கு ஒரு கோப்பை!

44 கஜம்!

உண்மையான கச்சேரி ஏப்ரலில்தான் ஆரம்பித்தது.

ஏப்ரல் 16, ஈஸ்டர் திங்கள். எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானம். லிவர்பூலும் எவர்ட்டனும் ஒரே ஊர். அப்போது இரண்டு மைதானங்களுக்கும் நடுவே ஒரு பூங்காதான் இருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்று இருப்பார்கள். தோற்றவன் அடுத்த ஆறு மாசத்துக்கு வீட்டில் நிமிர்ந்து சாப்பிட முடியாது. அந்த மைதானத்தில் லிவர்பூல் லீக் போட்டி ஜெயித்துப் பத்து வருஷமாகியிருந்தது.

ஸ்கோர் 2-2. லிவர்பூலுக்கு ஒரு பெனால்டி வீணாகிவிட்டது. ஒரு ஆளும் சிவப்பு அட்டை வாங்கி வெளியே. பத்துப் பேரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். 90 நிமிஷம் முடிந்து கூடுதல் நேரத்திலும் நாலாவது நிமிஷம். அப்போது ஒரு ஃப்ரீ கிக். கோலுக்கும் பந்துக்கும் தூரம் சுமார் 44 கஜம். இங்கிருந்து நேராக கோல் அடிப்பார் என்று யாரும் கனவுகூடக் காணவில்லை.

மெக்அலிஸ்டரும் அப்படித்தான் நடித்தார். கோலுக்கு முன்னால் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தின் பக்கம் பந்தைத் தூக்கிப் போடப் போகிறவர் மாதிரி ஒரு பார்வை. எவர்ட்டன் கோல்கீப்பர் (அவர் பெயரும் ஜெரார்டுதான், பால் ஜெரார்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்!) அதை நம்பி அந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்தார். அந்த ஓர் அடிதான் வேண்டியிருந்தது. பந்து தாழ்வாகச் சீறிக்கொண்டு போய், மறுபக்கம் கீழ் மூலையில் புகுந்தது.

3-2!

கவனியுங்கள். இந்தக் கோலில் ஓட்டம் இல்லை, வேகம் இல்லை, வாலிபம் இல்லை. இருந்தது ஒரு பொய்யும் ஒரு கணக்கும்தான். இரண்டும் வயசாக ஆகக் கூடுமே தவிர குறையாது!

மூன்றே நாள் கழித்து பார்சிலோனாவுடன் யு.இ.எஃப்.ஏ. கப் அரையிறுதி. லிவர்பூல் ஜெயித்தது 1-0. அந்த ஒரு கோல் மெக்அலிஸ்டரின் பெனால்டி. 1985-க்குப் பிறகு முதல் முறையாக லிவர்பூல் ஓர் ஐரோப்பிய ஃபைனலில்! ஏப்ரல் 22-ல் டாட்டன்ஹாமுடன்... கோல். 28-ம் தேதி... கோல். மே 1-ல் பிராட்ஃபோர்டுடன் (ஒரு வருஷம் முன்னால் வயிற்றில் அடித்த அதே டீம்) மறுபடி கோல். 16 நாட்களில், தொடர்ந்து ஐந்து போட்டிகளில் ஐந்து கோல்!

அந்த 28-ம் தேதி மேட்ச் யாரோடு தெரியுமா? கொவென்ட்ரியோடு. அவரைச் சும்மா விட்டுவிட்ட அதே கொவென்ட்ரி. ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது ஃப்ரீ கிக்கில் பழைய வீட்டுக் கதவையே உடைத்தார் மெக்அலிஸ்டர். அடுத்த வாரம், 34 வருஷமாக முதல் டிவிஷனில் இருந்த கொவென்ட்ரி கீழே இறங்கியது. ‘35 வயசு ஆள் போனா என்ன குறைஞ்சிடும்?’ என்ற கேள்விக்கு அந்த ஊரில் கிடைத்த பதில் அது. அவர் ஒருவர் போனதுதான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால், 11 கோல் போட்ட ஆளை இழந்த டீமுக்கு வலிக்காமல் இருக்குமா?

டார்ட்மண்டில் ஒரு ராத்திரி

மே 12. எஃப்.ஏ. கப் ஃபைனல். ஆர்சனல் 1-0 என்று முன்னிலை. இரண்டாவது பாதியில் மாற்று ஆளாக இறங்கியிருந்த மெக்அலிஸ்டர் ஒரு ஃப்ரீ கிக்கைத் தூக்கிப் போட, அதில் பிறந்தது ஓவனின் முதல் கோல். ஓவன் இன்னொன்றும் போட, இரண்டாவது கோப்பை!

நாலே நாளில், மே 16, ஜெர்மனியின் டார்ட்மண்ட். ஸ்பெயினின் அலாவெஸ் டீமோடு யு.இ.எஃப்.ஏ. கப் ஃபைனல். அதைக் கால்பந்து என்பதா, தெருக்கூத்து என்பதா! 90 நிமிஷ முடிவில் 4-4. அப்போது ‘தங்க கோல்’ என்றொரு விதி இருந்தது. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது.

117-வது நிமிஷம். இடது பக்கம் ஃப்ரீ கிக். வழக்கம்போல பந்துக்குப் பக்கத்தில் அதே வழுக்கைத் தலை. வளைந்து வந்த பந்தைத் தடுக்கப் போன அலாவெஸ் ஆட்டக்காரர் ஹெல்லியின் தலையில் பட்டு, பந்து அவர்கள் கோலுக்குள்ளேயே விழுந்தது. 5-4!

லிவர்பூலின் ஐந்து கோல்களில் நான்கில் மெக்அலிஸ்டரின் கால் பட்டிருந்தது. முதல் கோலுக்கு ஃப்ரீ கிக், மூன்றாவது அவரே அடித்த பெனால்டி, நான்காவதுக்கு ஃபௌலருக்குக் கொடுத்த பாஸ், ஐந்தாவது இந்தத் தங்கம். ஆட்ட நாயகன் யார் என்று சொல்லவும் வேண்டுமா!

ஒரே சீசனில் மூன்று கோப்பைகள். கடைசி நாளில் சார்ல்டனை 4-0 என்று அடித்து சாம்பியன்ஸ் லீக் இடமும் கிடைத்தது. தான் கொண்டுவந்த ஆட்களிலேயே அதிக உத்வேகம் தந்தவர் மெக்அலிஸ்டர்தான் என்று பிறகு சொன்னார் ஊலியே. 2002-ல், 37 வயசில் விடைபெற்றபோது, 87 போட்டிகள் ஆடியிருந்தார். ‘வேண்டாம்’ அணியில் பேசியவர்கள் எல்லாம் அன்றைக்கு, ‘நான் எப்பவும் அவர் பக்கம்தான்’ என்று சத்தியம் செய்துகொண்டிருந்திருப்பார்கள். எல்லாப் பட்டிமன்றத்திலும் நடப்பதுதானே!

கஞ்சி, வாழைப்பழம், கடற்பாசி!

மெக்அலிஸ்டருக்கு இந்த வித்தையில் ஒரு முன்னோடி உண்டு. அவருடைய சக ஸ்காட்லாந்துக்காரர் கார்டன் ஸ்ட்ராக்கன்.

1989-ல் மான்செஸ்டர் யுனைடெட், ‘போதும்’ என்று இவரை அனுப்பியபோது வயசு 32. போய்ச் சேர்ந்த லீட்ஸ் அப்போது இரண்டாவது டிவிஷனில் இருந்தது. மூன்றே வருஷத்தில் அவர் தலைமையில் லீட்ஸ் இங்கிலாந்தின் சாம்பியன்! இரண்டாவது இடம் யாருக்கு? அவரை அனுப்பிவைத்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. (சிரிக்காதீர்கள்!)

ஓட்ஸ் கஞ்சி, வாழைப்பழம், கடற்பாசி என்று பத்தியச் சாப்பாடு சாப்பிட்டவர். பிறகு கொவென்ட்ரி போய், 40 வயசிலும் பிரீமியர் லீகில் ஆடினார். லீட்ஸில் அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடி, கொவென்ட்ரியில் அவர் மேனேஜராக இருக்க அவருக்குக் கீழேயும் ஆடியவர் மெக்அலிஸ்டர். வித்தை எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா?

எல்லாக் கிழவரும் மெக்அலிஸ்டர் ஆவாரா?

அப்படியானால் முப்பத்தைந்து தாண்டிய ஆட்களை எல்லாம் வளைத்துப் போடலாமா? அவசரப்படாதீர்கள்.

2015-ல் மான்செஸ்டர் யுனைடெட், பாஸ்டியன் ஷ்வைன்ஷ்டைகரைக் கொண்டு வந்தது. முந்தைய வருஷம்தான் ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்தவர். வயசும் 30தான். ரசிகர்கள் ஆரத்தி எடுக்காத குறை! ஆனால், அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்திருந்த உடம்பு. முதல் சீசனில் லீகில் ஆடியது 18 மேட்ச். அவரை விரும்பி அழைத்த மேனேஜர் வான் ஹால் 2016-ல் போய்விட, அடுத்து வந்தவர் இவரைத் தனியாகப் பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார். 2017 மார்ச்சில் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார் மனிதர்.

இத்தாலியில் இன்னொரு கதை. ஏ.சி. மிலானுக்குப் பத்து வருஷம் ஆடியவர் ஆந்த்ரேயா பிர்லோ. 2011-ல் வயசு 32. ‘முப்பது தாண்டியவர்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான்’ என்றது மிலான். பிர்லோ பெட்டியைக் கட்டினார். முந்தைய இரண்டு சீசனிலும் ஏழாவதாக முடித்திருந்த யுவென்டஸ் அவரைச் சும்மா கொத்திக்கொண்டு போனது. அடுத்த சீசனில் ஒரு லீக் மேட்ச்சில்கூடத் தோற்காமல் யுவென்டஸ் சாம்பியன்! அவர் இருந்த நான்கு வருஷமும் பட்டம் அவர்களுக்கே. மிலான் அடுத்த பட்டத்துக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாடம் கற்றதோ என்னவோ, அதே மிலான் 2025 ஜூலையில் லூகா மோட்ரிச்சைக் கூட்டி வந்தது. வயசு 39, இரண்டு மாதத்தில் 40! இதிலும் ஒரு சுவாரஸ்யம். 2011-ல் பிர்லோ போனபோது மிலானின் பயிற்சியாளர் மாசிமிலியானோ அல்லெக்ரி. 2025-ல் மோட்ரிச் வந்தபோதும் அவரேதான்!

நடுவர் தீர்ப்பு

இத்தனை கதையையும் அலசினால் ஒன்று தெரிகிறது. ‘வயசு என்ன?’ என்பது தப்பான கேள்வி இல்லை. அது முதல் கேள்வி மட்டுமே. அதோடு நிறுத்திக்கொண்டால்தான் தப்பு.

முப்பதைத் தாண்டினால் குபீர் ஓட்டம் குறையும். அடிபட்டால் ஆற நாளாகும். இதை மறுப்பதற்கில்லை. ஆனால், பந்து எங்கே வரும் என்ற மோப்பம், யாருக்குக் கொடுப்பது என்ற கணக்கு, நின்ற பந்தை உதைக்கும் நேர்த்தி - இதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. அதனால்தான் முன்னணியில் ஓடுகிறவரைவிட நடுக்களத்துக்காரர் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறார்.

எனவே ரசிகர்கள் கேட்க வேண்டிய மற்ற கேள்விகள்: போன சீசனில் எத்தனை மேட்ச் ஆடினார்? (மெக்அலிஸ்டர் களத்தில் இருந்து கோல் போட்டார். ஷ்வைன்ஷ்டைகருக்கு அடிக்கடி அடி.) அவருக்காக ஓட டீமில் வாலிபர்கள் இருக்கிறார்களா? (லிவர்பூலில் ஏகப்பட்ட பேர்.) வாரத்துக்கு எத்தனை போட்டி? (மோட்ரிச் வந்த சீசனில் மிலானுக்கு ஐரோப்பியப் போட்டிகள் கிடையாது; பெரும்பாலும் வாரம் ஒன்று.) கடைசியாக, தினமும் ஆட முடியாது என்பதை அவர் மனசு ஒப்புக்கொள்ளுமா? மாற்று ஆளாக இறங்கியும் ஃபைனலில் கோலுக்கு வழி செய்த மெக்அலிஸ்டர் இதற்கு பதில்.

‘வேண்டாம்’ அணியின் கடைசி வாதம் ஒன்று பாக்கியிருக்கிறது. ‘கிழவருக்கு நாற்காலி போட்டால் வாலிபன் ஜெரார்டு கதி என்ன?’

ஜெரார்டு பிறகு லிவர்பூலின் கேப்டன் ஆனார். 2005-ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். மெக்அலிஸ்டரின் பாதை வேறு மாதிரி போனது. லிவர்பூலிலிருந்து கொவென்ட்ரிக்கே ஆட்டக்காரர் - மேனேஜராகத் திரும்பினார். 2004 ஜனவரியில், நோயோடு போராடிய மனைவியின் பக்கத்தில் இருப்பதற்காக அந்த வேலையை உதறினார். 2006-ல் அவர் மனைவி காலமானார்.

2018-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்புக்கு மேனேஜரானார் ஜெரார்டு. முதல் முறையாக ஒரு பெரிய டீமின் பொறுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்ல ஒரு ஆள் வேண்டும். உலகத்தில் யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். அவர் கூப்பிட்டது, ‘இவரை எதுக்குக் கொண்டு வர்றாங்க?’ என்று 20 வயசில் தான் யோசித்த அதே மெக்அலிஸ்டரை! 2020-21ல் ரேஞ்சர்ஸ் லீகில் தோல்வியே காணாமல் சாம்பியன் ஆனது. துணைப் பயிற்சியாளராக ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார் மெக்அலிஸ்டர். அப்போது வயசு 56.

அடுத்த தடவை உங்கள் டீம் ஒரு வழுக்கைத் தலைக்காரரைக் கூட்டி வந்தால், கூச்சல் போடுவதற்கு முன்னால் ஒரு ஏப்ரல் மாசம் வரைக்கும் பொறுத்துப் பாருங்களேன்!